டீசல் பிக்கப் டர்போ மாற்றம்: கேள்வி பதில்

பழைய டீசல் பிக்கப்களில் டர்போ மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் இறக்கையைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்தான் டர்போ. முதலில் ஒன்று: டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. ஆயில் போதாமல் கெடும், அழுக்கு ஆயிலால் கெடும், இறக்கையில் ஏதாவது அடித்துக் கெடும், காற்றுக் கசிவால் அளவு மீறிச் சுற்றிக் கெடும். காரணத்தைப் பிடிக்காமல் புதுசை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 2.5 லிட்டர் காமன் ரெயில் வண்டி. மேடு ஏறும்போது இழுவையே இல்ல, கருப்புப் புகை தள்ளுது, பி0299 கோடு வருது. டர்போ போச்சுங்கறாங்க. மாத்திடலாமா அண்ணே?

பதில்: அவசரப்படாதீர்கள். பி0299 என்பது ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், குறைகிறது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். டர்போ கெட்டதாக அந்தக் கோடு சொல்லவில்லை.

முதலில் ஹோஸ்கள். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி, அடிப்பக்கத்தையும் கிளாம்ப் உட்காரும் இடத்தையும் வளைத்துப் பாருங்கள். ஐடிலில் மூடிக்கொண்டிருக்கும் கிழிசல் பூஸ்ட் ஏறியதும் வாய் திறக்கும். வெளியே எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாகப் படிந்திருக்கும் இடம்தான் கசியும் இடம்.

அடுத்து ஆக்சுவேட்டர், அதாவது பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ராடை நகர்த்தும் பாகம். வேக்யூம் வகை என்றால் கைப்பம்பு போட்டு இழுங்கள். ராடு தடங்கல் இல்லாமல் முழு தூரம் நகர வேண்டும், பம்பை நிறுத்தினாலும் இறங்கக் கூடாது. ராடு பாதியில் சிக்கினால் உள்ளே வேன்களில் (எக்ஸாஸ்ட் ஓட்டத்தைத் திருப்பும் அசையும் தகடுகள்) கரி பிடித்திருக்கிறது. நன்றாக நகர்ந்தால் வேக்யூம் ஹோஸ், சொலினாய்டு, கரி படிந்த மேப் சென்சார் (பூஸ்டை அளப்பது), திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் வால்வ்), அடைத்த ஏர் ஃபில்டர் என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

இவ்வளவும் சரி என்றால் மட்டும், இன்ஜின் ஆறிய பிறகு டர்போவின் காற்று வாயில் உள்ள ஹோஸைக் கழற்றி இறக்கையின் மூக்கைப் பிடியுங்கள். மேலும் கீழும் லேசாக ஆடலாம், அது ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங். உள்ளே வெளியே ஆட்டம் கையில் தெரியவே கூடாது. இறக்கை ஹவுசிங்கில் உரசிய பளபளப்பான கீறல் இருந்தாலோ, நுனி மடங்கியிருந்தாலோ டர்போ போய்விட்டது.

ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம், பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய், வழியாக வருவது அது. ஊற்றினால் வடிகிற அளவு இருந்தால்தான் கவலை.

கேள்வி: டர்போவைக் கழற்றி மாட்டுவதை வரிசையாகச் சொல்ல முடியுமா? கையில் வேலை பழக்கம் உண்டு, டர்போ மட்டும் இதுதான் முதல் முறை.

பதில்: முந்தின நாளே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்பது முறிந்த ஸ்டட்தான். இறுகிய நட்டை ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் திருப்பி இறுக்கி, மறுபடி இளக்குங்கள். பழைய ஸ்டட், நட்டுகளை மறுபடி போடாதீர்கள்.

பேட்டரி மைனஸைக் கழற்றி, தண்ணீரால் குளிரும் டர்போ என்றால் கூலன்ட்டையும் வடித்த பிறகு ஹீட் ஷீல்டு, காற்றுக் குழாய்கள், ஆயில் ஃபீட் பைப், டிரெயின் பைப், எக்ஸாஸ்ட் என்று பிரியுங்கள். திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே டேப் போட்டு மூட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் விழுந்த ஒரு வாஷர் போதும், புது டர்போ முதல் ஸ்டார்ட்டிலேயே காலி.

பழையதை மேஜையில் வைத்துப் படியுங்கள். ஷாஃப்ட் நீலம் பாய்ந்து பேரிங் கருகியிருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலில் அழுக்கு. எக்ஸாஸ்ட் பக்க இறக்கை அடிபட்டிருந்தால் இன்ஜினுக்குள்ளிருந்து ஏதோ வந்திருக்கிறது: குளோ பிளக் நுனி, வால்வ் துண்டு. அதைத் தேடாமல் மேலே போகாதீர்கள். காற்றுப் பக்க இறக்கையில் துண்டு காணவில்லை என்றால் அது இண்டர்கூலரில் கிடக்கும். அப்படிப்பட்ட இண்டர்கூலரைக் கழுவி நம்ப முடியாது, மாற்றிவிடுங்கள். வெறும் எண்ணெய் மட்டும் என்றால் கழற்றிக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காய வைத்துப் போடலாம்.

புது டர்போவின் தகட்டில் உள்ள பார்ட் நம்பரைப் பழையதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே இன்ஜினிலேயே பவர் வேறுபட்டால் டர்போவும் வேறுபடும்.

மாட்டும்போது எல்லா கேஸ்கெட்டும், காப்பர் வாஷரும் புதியவை. ஆயில் ஃபீட் பைப் புதியது. ஆயில் வழியில் சிலிகான் பேஸ்ட் ஒரு துளிகூடக் கூடாது, பிதுங்கிய துண்டு உடைந்து போய் ஃபீட் துளையை அடைக்கும். இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் புதியவை. டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வகைதான். ஏர் ஃபில்டர் பெட்டியை உள்ளே துடைத்துப் புது ஃபில்டர் போடுங்கள். நட்டுகளைச் சுற்றிச் சுற்றி, படிப்படியாக, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள்.

இனிதான் முக்கியம். ஃபீட் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊற்றி, இறக்கையைக் கையால் சுற்றுங்கள். மறுபடி ஊற்றுங்கள். ஃபீட் பைப்பை மாட்டியதும், டிரெயின் பைப்பை மாட்டாமல் அடியில் ஒரு டப்பா வையுங்கள். இன்ஜெக்டர் சாக்கெட்டுகளைப் பிடுங்கிவிட்டு 10 முதல் 15 விநாடி செல்ஃப் அடியுங்கள், இடைவெளி விட்டு மறுபடி. டிரெயின் துளையிலிருந்து ஆயில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பைப்பை மாட்டிக் கிளப்ப வேண்டும். டீசலை நிறுத்துவதற்காக ரெயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாய்) ஹை பிரஷர் பைப்பை யாரும் இளக்காதீர்கள். 1,000 பாருக்கு மேல் ஏறக்கூடிய அழுத்தம் அது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கிளப்பியதும் 3 முதல் 5 நிமிடம் ஐடில். ஆக்சிலரேட்டரில் கால் வேண்டாம். கசிவு பாருங்கள், அணையுங்கள், ஆயில் அளவு பார்த்து ஊற்றுங்கள்.

கேள்வி: ஃபீட் பைப்புக்கு கார்ப் கிளீனர் அடிச்சு ஏர் விட்டா போதாதா? பார்க்க நல்லாதான் இருக்கு.

பதில்: போதாது. எக்ஸாஸ்ட் சூட்டில் ஆயில் வெந்து, பைப்பின் உட்சுவரில் கரியாக இறுகிவிடும். கிளீனர் அதில் பாதியைத்தான் இளக்கும். மீதி ஓட்டத்தில் செதில் செதிலாக உரிந்து நேராகப் பேரிங்குக்குப் போகும். சில இன்ஜின்களில் அந்தப் பைப்பை மாட்டும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டுக்குள் சின்ன வலை ஒன்று உண்டு. அதையும் தேடிப் பார்த்து, இருந்தால் போல்ட்டோடு மாற்றுங்கள்.

கேள்வி: முழு டர்போ வாங்கவா, நடு கோர் மட்டும் மாத்தவா?

பதில்: வேன் இல்லாத சாதா வேஸ்ட்கேட் டர்போ, இரண்டு ஹவுசிங்கும் உரசாமல் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், பேலன்ஸ் செய்து வந்த கோர் (ஷாஃப்ட், பேரிங், இறக்கைகள் சேர்ந்த நடுப்பகுதி) போடலாம். வேன் உள்ள விஜிடி என்றால் கோர் மாற்றிய பிறகு வேன் குறைந்தபட்ச ஓட்டத்தை காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்து செட் செய்ய வேண்டும். அந்த வசதி உள்ள டர்போ கடை இல்லையென்றால் முழுசாக வாங்குங்கள். வேன் நிற்கும் இடத்தை முடிவு செய்யும் ஸ்டாப் ஸ்க்ரூவைக் கண் அளவில் திருப்பினால் ஒன்று இழுவை இருக்காது, அல்லது டர்போ அளவு மீறிச் சுற்றும். பேரிங் கிட் மட்டும் வாங்கி வீட்டில் பிரித்து மாட்டுவது வேண்டவே வேண்டாம். நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் போகும் ஷாஃப்டைப் பேலன்ஸ் பார்க்காமல் விட முடியாது.

கேள்வி: டர்போவைக் கழட்டிட்டு நேரா பைப் போட்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். டீசல் அளவு டர்போ காற்றுக்கு ஏற்ப அமைந்தது. புகையும் எக்ஸாஸ்ட் சூடும் ஏறும், இழுவை இருக்காது.

கேள்வி: புது டர்போ போடறதுக்கு முன்னாடி பழைய ஆயில்ல அரை லிட்டர் டீசல் ஊத்தி ஐடில்ல விட்டு ஃப்ளஷ் பண்ணணும். இதை நீங்க சொல்லவே இல்லையே?

பதில்: சொல்லாததற்குக் காரணம் உண்டு. டீசல் கலந்தால் ஆயில் நீர்த்து, தாங்கும் படலம் மெலிகிறது. டர்போ பேரிங் முழுக்க அந்தப் படலத்தை நம்பித்தான் ஓடுகிறது.

மறுப்பு: பல வருஷமா எல்லா பட்டறையிலயும் செய்யற வேலைங்க. ஐடில்ல டர்போ மெதுவாதானே சுத்தும், அஞ்சு நிமிஷத்துல பேரிங் எப்படிப் போகும்?

பதில்: அந்த வாதம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஐடிலில் அந்த ஐந்து நிமிடத்திலேயே பேரிங் போகும் வாய்ப்பு குறைவு. என் பெரிய கவலை இளகி வருகிற அழுக்கு. சம்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடியில் பல வருடம் படிந்த சகதி முழுதாகக் கரைந்து வடிவதில்லை. கட்டி கட்டியாகப் பெயர்ந்து, ஆயில் பம்பு உறிஞ்சும் வலையில் போய் ஒட்டுகிறது. ஐடிலில் ஆயில் பிரஷர் லைட் எரியாது. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது பம்பு கேட்கும் ஆயில் வலை வழியாக வராது, அப்போது போவது புது டர்போ.

குறுக்கீடு: டொயோட்டா 1கேடி இன்ஜினில் ஃப்ளஷ் செய்யாமலே இது நடக்கிறதே?

பதில்: ஆமாம், நல்ல உதாரணம். 1கேடி-எஃப்டிவியில் இன்ஜெக்டர் அடியில் உள்ள காப்பர் வாஷர் கசிந்தால், எரிந்த வாயு மேலே வால்வ் கவருக்குள் வந்து ஆயிலில் கரியைச் சேர்க்கும். அந்தக் கரி போய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அந்த வண்டியில் டர்போ போனால் வாஷரையும் வலையையும் பார்க்காமல் புது டர்போ மாட்டாதீர்கள். எந்த டீசலிலும் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி படிந்திருந்தால் இதே சந்தேகம் வர வேண்டும்.

மறுப்பு: அதுக்கு சம்ப்பைக் கழட்டணும். சில வண்டியில முன் டிஃபரன்ஷியலை இறக்காம சம்ப் வராது. அவ்வளவு வேலை யார் பார்ப்பாங்க?

பதில்: அதனால்தான் முதலில் கேஜ். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் போடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். வேகத்தைக் கொஞ்சநேரம் பிடித்திருக்கும்போது முள் தளர்ந்து இறங்கினால் வலை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். டிரெயின் பிளக் துளை வழியாகச் சின்ன கேமரா விட்டு வலையைப் பார்ப்பதும் உண்டு. இரண்டும் சரியாக இருந்தால் சம்பைத் தொட வேண்டாம். ஃப்ளஷுக்குப் பதிலாக நல்ல ஆயிலையே ஊற்றி, முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருவதை அந்த ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். இதைவிடப் பாதுகாப்பான ஃப்ளஷ் கிடையாது.

கேள்வி: புது டர்போ போட்டும் நீலப் புகை நிக்கல. டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?

பதில்: முதலில் எக்ஸாஸ்டிலும் இண்டர்கூலரிலும் பழைய எண்ணெய் தங்கியிருக்கிறதா பாருங்கள். எக்ஸாஸ்டில் உள்ளது கொஞ்ச தூரம் ஓடினால் எரிந்து தீரும். தீராவிட்டால் டிரெயின் பைப். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. பைப் மடங்கினாலோ, கேஸ்கெட் துளையை மறைத்தாலோ, பிரீதர் அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டும். ஆயில் மூடியைத் திறந்து துளையின் மேல் தளர்வாக வையுங்கள். மூடி குதித்தால் பிரீதர் அடைப்பு அல்லது ரிங் தேய்மானம். அடைத்த டிபிஎஃப்பும் இதே தொல்லை தரும். இவ்வளவையும் பார்த்த பிறகு டர்போவைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பி0299 வருது, டர்போ மாத்தணுமா?

பதில்: முதல் பதில். ஹோஸிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: பட்ஜெட் கம்மி, பழைய ஃபீட் பைப்பே போட்டுக்கலாமா?

பதில்: கூடாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். டர்போ விலையோடு ஒப்பிட்டால் பைப் விலை ஒன்றுமே இல்லை.

கேள்வி: பூஸ்ட் ஏத்த ஈசியூ ரீமேப் பண்ணலாமா?

பதில்: ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றும் கேலிபிரேஷன் செய்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சாவியை அணைச்சும் இன்ஜின் நிக்காம வேகம் ஏறிக்கிட்டே போச்சுன்னு ஒருத்தர் சொன்னார். டர்போ போனா அப்படி ஆகுமா?

பதில்: ஆகும். சீல் போன டர்போ இன்ஜின் ஆயிலைக் காற்று வழியில் தள்ள, இன்ஜின் அதையே எரித்து ஓடும். சாவிக்கு அது கட்டுப்படாது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்து, டாப் கியர் போட்டு கிளட்சை விடுங்கள், இன்ஜின் நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் காற்றை அடைக்க வேண்டும். தட்டையான பலகையாலோ, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை ஏர் இன்டேக்கில் அடித்தோ செய்யலாம். கையாலோ துணியாலோ மூடாதீர்கள், இழுத்துக்கொள்ளும். வேகம் எல்லை மீறிவிட்டால் பக்கத்தில் நிற்காமல் விலகிப் போங்கள். நீலப் புகை அடர்த்தியாக வர ஆரம்பித்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள், இழுத்து வாருங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள டர்போ. மாத்தினதும் லிம்ப் மோடு போகுது.

பதில்: ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் லேர்னிங் கொடுத்தீர்களா? புது டர்போவில் ஆக்சுவேட்டர் எந்த எல்லைகளில் நிற்கும் என்பதை ஈசியூ கற்காமல் பல வண்டிகள் இப்படித்தான் லிம்புக்கு, அதாவது பவரைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலைக்கு, போகும். லேர்னிங் முடிந்தும் அதே கோடு வந்தால் ஆக்சுவேட்டர் சாக்கெட்டைக் கழற்றி, பின்களில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் ஐடில்ல விடணும்?

பதில்: ஊருக்குள் நிதானமாக ஓட்டி வந்தால் அரை நிமிடம் போதும். பாரத்தோடு மலை ஏறி வந்து உடனே நிறுத்துவதாக இருந்தால் 2 முதல் 3 நிமிடம்.