கணினி கேள்வி–பதில்: என்டர்பிரைஸ் வால்ட் டேட்டாபேஸ் பிழைகள்

கேள்வி: பழைய மின்னஞ்சல்களைக் காப்பகப்படுத்த என்டர்பிரைஸ் வால்ட் நிறுவுகிறோம். கான்ஃபிகரேஷன் விசார்டில் டைரக்டரி டேட்டாபேஸுக்கு (வால்ட்டின் அமைப்பு விவரங்களை வைப்பது) ‘ஈ’ டிரைவில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்தேன். ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. அப்படி ஒரு பாதையே இல்லை என்கிறது. ஏன்?

பதில்: அந்த ஃபோல்டர் எந்த மெஷினில் இருக்கிறது என்று பாருங்கள். விசார்ட் ஓடுவது வால்ட் சர்வரில். டேட்டாபேஸை உருவாக்குவதோ எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். விசார்ட் கேட்கும் பாதை எஸ்கியூஎல் மெஷினில் உள்ள பாதை. ஃபோல்டரை அங்கே நீங்களே உருவாக்கி வைக்க வேண்டும், எஸ்கியூஎல் உருவாக்கித் தராது. டேட்டா ஃபைலுக்கு ஒன்று, லாக் ஃபைலுக்கு ஒன்று என இரண்டு இடங்களையும் பாருங்கள்.

ஃபோல்டரை உருவாக்கியதும் அடுத்த பிழை காத்திருக்கும்: 5123, கூடவே ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5’. அனுமதி இல்லை என்று பொருள். இங்கே பலரும் தங்கள் சொந்தக் கணக்குக்கோ வால்ட் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கோ (வால்ட் ஓடும் கணக்கு) ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டுக் குழம்புகிறார்கள். ஃபைலை எழுதுவது எஸ்கியூஎல் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அது. தனிக் கணக்கு எதுவும் கொடுக்காமல் நிறுவியிருந்தால், டீஃபால்ட் இன்ஸ்டன்ஸுக்கு (தனிப் பெயர் இல்லாமல் நிறுவிய எஸ்கியூஎல்) அது ‘என்டி சர்வீஸ்’ என்று தொடங்கும் விர்ச்சுவல் அக்கவுன்ட். செக்யூரிட்டி டேபில் அதைத் தேடும்போது ‘லொகேஷன்ஸ்’ என்பதை டொமைனிலிருந்து அந்தக் கணினிக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பெயர் கிடைக்காது.

இன்னொன்று: கடைசியில் 1802 என்று ஒரு எண் வரும். அதை இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ‘டேட்டாபேஸ் உருவாகவில்லை’ என்பதைத் தவிர அது எதுவும் சொல்லாது. காரணம் அதோடு சேர்ந்து வரும் மற்ற எண்ணில் இருக்கும்: 5133 என்றால் பாதை, 5123 என்றால் பெரும்பாலும் அனுமதி.

கேள்வி: 262 என்ற பிழை வருகிறது, டேட்டாபேஸ் உருவாக்க உரிமை இல்லையாம். டேட்டாபேஸ் நிர்வாகியோ (டிபிஏ) ‘எல்லா உரிமையும் கொடுத்தாச்சு’ என்கிறார்.

பதில்: கொடுத்திருப்பார், ஆனால் வேறு இடத்தில். ஏதோ ஒரு டேட்டாபேஸில் ‘டிபி_ஓனர்’ (அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமையாளர்) ஆக்கிவிட்டு அதுவே போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. வால்ட் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு எஸ்கியூஎல்லில் ஒரு லாகின் வேண்டும். அதற்கு ‘டிபிகிரியேட்டர்’ என்ற சர்வர் ரோல் வேண்டும். டேட்டாபேஸ் உருவாக்க ‘சிஸ்அட்மின்’ (சர்வர் முழுவதற்குமான உரிமை) தேவையில்லை. கேட்டால் டிபிஏ மறுப்பதும் நியாயமே. நீங்களும் அதே அக்கவுன்ட்டில் விண்டோஸுக்குள் நுழைந்துதான் விசார்டை ஓட்ட வேண்டும். உரிமையை ஆக்டிவ் டைரக்டரி குரூப் வழியாகக் கொடுத்திருந்தால், ஒருமுறை லாக்ஆஃப் செய்து திரும்ப வாருங்கள். அதுவரை புது குரூப் உங்கள் செஷனுக்கு வந்து சேராது.

262க்குப் பதில் 18456 வந்தால் சிக்கல் உரிமையில் இல்லை, லாகினில். திரையில் ‘ஸ்டேட் 1’ என்றே தெரியும். உண்மையான ஸ்டேட் எஸ்கியூஎல் எரர் லாகில் இருக்கும். 5 என்றால் அப்படியொரு லாகினே இல்லை. 11 அல்லது 12 என்றால் கணக்கு சரி, சர்வருக்குள் விட அனுமதி இல்லை.

கேள்வி: எஸ்கியூஎல்லுக்கு ஒரு அலியாஸ் (மாற்றுப் பெயர்) வைத்திருக்கிறோம். இணைப்பைச் சோதிக்கும் யுடிஎல் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து சோதித்தால் இணைகிறது. விசார்ட் மட்டும் சர்வரே இல்லை என்கிறது.

பதில்: என்டர்பிரைஸ் வால்ட் 64 பிட் விண்டோஸில் ஓடினாலும் நீண்டகாலம் 32 பிட் நிரலாகவே வந்தது. நீங்கள் சோதித்தது 64 பிட் பக்கம். அலியாஸ் அமைக்கும் ‘கிளிகான்ஃபிக்’ கருவி இரண்டு இடங்களில் இருக்கிறது: சிஸ்டம்32 ஃபோல்டரில் 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் 32 பிட். (ஆம், தலைகீழாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) இரண்டிலும் ஒரே அலியாஸை உருவாக்குங்கள். அலியாஸ் இல்லாத நேம்டு இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு நிறுவிய எஸ்கியூஎல்) என்றால் எஸ்கியூஎல் பிரவுசர் சர்வீஸ் ஓடுகிறதா, ஃபயர்வாலில் யுடிபி 1434 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டிசிபி 1433ஐ மட்டும் திறந்துவிட்டு நின்றுவிடுவார்கள். நேம்டு இன்ஸ்டன்ஸ் பெரும்பாலும் வேறு போர்ட்டில்தான் இருக்கும்.

கேள்வி: விசார்ட் பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினால் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது. அழித்துவிடலாமா?

பதில்: வேறு எந்த வால்ட் சர்வரும் அந்த டைரக்டரியைப் பயன்படுத்தவில்லை என்று உறுதியானால் மட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் இரண்டாவது சர்வரைச் சேர்க்கிறீர்களா? அப்படியானால் அழிக்கவே கூடாது. புதிய டைரக்டரி வேண்டுமா என்ற விசார்டின் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வதே சரி.

அழிக்கும்போது ‘டிடாச்’ செய்யாதீர்கள், ‘டிலீட்’ செய்யுங்கள். டிடாச் செய்தால் எஸ்கியூஎல்லிலிருந்து கழன்றாலும் எம்டிஎஃப் (டேட்டா), எல்டிஎஃப் (லாக்) ஃபைல்கள் டிஸ்கிலேயே கிடக்கும். அடுத்த முறை ‘டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கிறது’ என்ற 1801 போய், ‘ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது’ என்ற 5170 வரும்.

நின்றது மானிட்டரிங் டேட்டாபேஸில் என்றால் எதையும் அழிக்க வேண்டாம். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, வால்ட் நிறுவிய ஃபோல்டரில் உள்ள மானிட்டரிங் கான்ஃபிகரேஷன் யுடிலிட்டியைத் தனியாக ஓட்டினால் போதும்.

கேள்வி: 1807 என்ன பிழை? சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை.

பதில்: புது டேட்டாபேஸ் எல்லாமே ‘மாடல்’ டேட்டாபேஸின் நகல். யாராவது மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் மாடலைத் திறந்து வைத்திருந்தால் எஸ்கியூஎல்லால் அதைப் பூட்டி நகலெடுக்க முடியாது. அந்த ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.