மூணு இஞ்ச் தூக்கினா குண்டு தூக்குமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, என்கிட்ட 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப் இருக்கு, அப்பா வாங்கினது. பூம்பாறையில இருந்து எங்க பூண்டுத் தோட்டத்துக்குப் போற மண்பாதையில மழை பெஞ்சா நடுமேட்டுல அடி தட்டி நின்னுடுது. வண்டியை உயர்த்த மூணு இஞ்ச் லிஃப்ட், 235 டயர், முன்னாடி இரும்பு பம்பர்னு ஒரு பட்டறையில மொத்தமா பேசி வெச்சிருக்கேன். செஞ்சிடலாமா? (பூம்பாறை வாசகர்)

பதில்: அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா தம்பி? இல்லைன்னா கொஞ்சம் நிறுத்துங்க. மொதல்ல ஒரு சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்து எது தட்டுதுன்னு பாருங்க. சேஸ், அதாவது அடிச்சட்டம், தட்டியிருக்காது, டிஃபரன்ஷியல் குண்டுதான் (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரம் இருக்கிற உருண்டை) தட்டியிருக்கும், சுத்தி செம்மண் அப்பிக்கிட்டு குண்டோட அடிவயிறு மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கும் பாருங்க. ஜிப்ஸிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டுமே பட்டை ஸ்பிரிங், ரெண்டுமே முழு ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே இரும்புத் தண்டு), குண்டு அந்த ஆக்ஸில்லயே இருக்கு. நீங்க பட்டையை மாத்தி ஷேக்கிளை (பட்டையோட நுனியைச் சட்டத்துல மாட்டுற இணைப்பை) நீட்டி மூணு இஞ்ச் என்ன, முப்பது இஞ்ச் தூக்கினாலும் பாடிதான் மேல போகும், குண்டு இருந்த இடத்துலயேதான் இருக்கும். அதைத் தூக்கணும்னா டயர் பெருசாகணும், சுலபமான வேற வழி இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. கம்பெனி டயர் 205/70 ஆர்15 (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் அதுல 70 சதவீதம், ரிம் 15 இஞ்ச்), குறுக்களவு 668 மி.மீ. 215/75 போட்டா 703, அதுல பாதிதான் குண்டுக்குக் கிடைக்கும், அதாவது 17, 18 மி.மீ., ஒரு விரல் அகலம். 235/75 போட்டா 733, குண்டு 33 மி.மீ. ஏறும். அப்போ 235ஏ போட்டுடலாமேன்னு கேப்பீங்க, இங்கதான் மலை குறுக்க வருது. டயர் பத்து சதவீதம் பெருசானா எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டு போகும், அதாவது இழுவை குறையும். உங்களுது 1298 சிசி பெட்ரோல், கீழ் ஆர்பிஎம்ல சும்மாவே இழுக்காது, டர்போ கிடையாது, ஏழாயிரம் அடி உயரத்துல காத்து மெலிஞ்சு எஞ்சின் அஞ்சுல ஒரு பங்கு பலத்தைக் கிட்டத்தட்ட விட்டுடும், அதுல நாலு மூட்டை பூண்டையும் ஏத்திக்கிட்டு கொண்டை ஊசியில ஃபர்ஸ்ட் கியர் போட்டா கிளட்ச் நாத்தம் வீடு வரைக்கும் வரும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும், முள்ளு 50ல நிக்கும்போது வண்டி 55ல போகும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும். 215/75 ஆல்-டெரெய்ன் (தார், மண் ரெண்டுக்கும் ஆகுற டயர்) போதும்.

லிஃப்ட்ல நானே பட்டிருக்கேன். அப்போ வயசு, ஆசை, நீள ஷேக்கிள் போட்டு வண்டியை ஒட்டகம் மாதிரி நிறுத்தி வெச்சிருந்தேன். பண்ணைக்காடு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துப் பாதையில முன் சக்கரம் பாறை மேல ஏற, பின் சக்கரம் அந்தரத்துல தொங்கிச்சு, பிரேக்கை மிதிச்சா பெடல் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. இறங்கிப் பார்த்தா பின் ஆக்ஸிலுக்குப் போற ரப்பர் ஹோஸ் பம்பரக் கயிறு மாதிரி இழுபட்டு, மாட்டுற இடத்துலயே பிஞ்சு ஆயில் சொட்டுது. ஆக்ஸில் இறங்கின அளவுக்கு ஹோஸ் நீளமா இல்ல, பட்டறைக்காரர் மாத்தல, மாத்தணும்னு எனக்கும் தெரியல. முன் பிரேக்கை மட்டும் நம்பி ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து வந்தேன், அன்னிக்கு சாயங்காலமே பழைய ஷேக்கிளை மாட்டியாச்சு.

உங்க காசை இப்படிப் போடுங்க. 20 வருஷப் பட்டை தட்டையாகியிருக்கும், புதுப் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் போட்டாலே வண்டி தன்னோட பழைய உயரத்துக்கு வந்துடும், பாதிப் பேருக்கு வேண்டிய லிஃப்ட் இதுதான். பிரேக் ஹோஸ் முன்னாடி பின்னாடி எல்லாமே புதுசு. குண்டு மேல இருக்கிற பிரீதர்ல (காத்து போய்வர்ற துவாரத்துல) ஒரு ட்யூப் மாட்டி எஞ்சின் ரூம் வரைக்கும் ஏத்திடுங்க, இல்லைன்னா சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணியில இறங்கும்போது உள்ள தண்ணியை உறிஞ்சி கியர் ஆயில் பால் டீ கலருக்கு வந்துடும். சேத்துல டயர் காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்க, தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி மறக்காம ஏத்துங்க. காசே ஆகாத வேலை ஒண்ணு இருக்கு: நடுமேட்டை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விட்டு ஓட்டாம ஒரு பக்கச் சக்கரத்தை அது மேலயே ஏத்தி ஓட்டிப் பாருங்க.

பம்பர் வேண்டவே வேண்டாம். 2017லயே மத்திய அரசு இந்த மாதிரி இரும்பு கார்டுகளை எடுக்கச் சொல்லியாச்சு, கம்பெனி ஸ்பெக்கை மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 15 வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி. ரெனியூவலுக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் போட்டு தார் ரோட்டுல திருப்பினா வண்டி பிடிச்சு இழுக்குது, அப்புறம் லீவரும் வெளிய வரமாட்டேங்குது. கியர் பாக்ஸ் போச்சா சார்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: போகல, ஆனா நீங்க போக வைக்கிறீங்க. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் ஓடும், பழைய பார்ட்-டைம் வண்டியில (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுற வண்டியில) அந்த வித்தியாசத்தை விட்டுக்குடுக்க நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, மண்ணுன்னா சக்கரம் வழுக்கி சரி பண்ணிக்கும், தார்ல முடியாம ஷாஃப்ட் எல்லாம் முறுக்கிக்கும். நேரா பத்தடி ரிவர்ஸ் எடுங்க, லீவர் தானா வரும்.

கேள்வி: மன்னவனூர் தாண்டி காட்டுக்குள்ள பழைய ஜீப் தடம் ஒண்ணு இருக்காம், நண்பர்களோட போகலாமா? (மதுரை வாசகர்)

பதில்: போகாதீங்க. காப்புக் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டி விடுறது குற்றம், 2013ல இருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வேற. பேரிஜம் ஏரிக்குப் போறதுக்கே வனத்துறை அனுமதி வாங்கித்தான் போகணும். தெரிஞ்சவங்க தனியார் தோட்டம் இருந்தா கேட்டுட்டு அங்க ஓட்டுங்க, போகும்போது கயிறும் மண்வெட்டியும் எடுத்துக்குங்க, ரெண்டு வண்டியா போங்க.