உறைந்த ரத்தம் எப்படித் தானாகக் கரைகிறது?

காயம் ஆறியபின் உள்ளே உறைந்த ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதை அறுத்துக் கரைப்பது பிளாஸ்மின் என்ற நொதி. கல்லீரல் இதைச் செயலற்ற பிளாஸ்மினோஜனாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் உறையும்போதே அது, கட்டியை வலைபோலப் பின்னும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு ரத்தக்கட்டிக்குள் உட்கார்ந்துவிடும். பிறகு ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் பிளாஸ்மினோஜனைச் செயல்பட வைக்கும் டி-பிஏ (t-PA) நொதியை மெல்லச் சுரக்கும். அதுவும் ஃபைப்ரின்மேல் ஒட்டினால்தான் வேகமாக வேலை செய்யும். பிளாஸ்மினோஜனை ஒரே இடத்தில் வெட்டினால் போதும், பிளாஸ்மின் தயார். ரத்தத்தில் நழுவும் பிளாஸ்மினை ஆல்ஃபா-2 ஆன்டிபிளாஸ்மின் என்ற புரதம் உடனே முடக்கிவிடும். இல்லாவிட்டால் உடம்பெங்கும் ரத்தம் கசியும்.

அறுபட்ட ஃபைப்ரின் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். ரத்தப் பரிசோதனையில் அது கூடியிருந்தாலே உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். கர்ப்பம், தொற்று, அறுவை சிகிச்சை எதிலும் கூடும்.

அடைப்பால் வரும் பக்கவாதத்துக்குத் தரும் ஆல்டிப்ளேஸ் மருந்து, ஆய்வகத்தில் செய்த டி-பிஏதான். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில், மீதி 60 நிமிடத்தில் ஏறும். வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். மருந்து ஏற்றுமுன் சி.டி. ஸ்கேன் கட்டாயம்: மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் இதே மருந்து ஆளைக் கொன்றுவிடும்.