பத்து நாள் லீவும் மூன்று பேரி மரமும்

கேள்வி: நானும் கணவரும் கொழும்பில் வேலை செய்கிறோம். அவர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில், நான் ஆடைத் தொழிற்சாலையில். பிள்ளைகள் இருவரும் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மாமியாரிடம் வளர்கிறார்கள். அவர் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஆகஸ்ட் விடுமுறைக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. போன வருடம் போனபோது மகள் போனிலிருந்து நிமிரவே இல்லை. மகன் பசித்தால் அப்பாயியைத்தான் கூப்பிடுகிறான். நாங்கள் இருக்கும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மூன்று பேரி மரம், ஒரு கொய்யா, ஒரு அவகாடோ இருக்கிறது. பேரிக்காய் விழுந்து வீணாகிறதே என்று பொறுக்கி எடுத்து, வீடியோ பார்த்து ஜாம் செய்தேன். இறுகாமல் தண்ணீராகவே கிடந்தது. "சீனிதான் நட்டம்" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. இந்த முறை சேர்த்து வைத்த காசில் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் இரண்டு மூன்று நாள் தங்கவா, அல்லது வீட்டிலேயே இருந்து எதையாவது சமைத்துக் கொடுக்கவா? என் பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்றே எனக்கு மறந்துவிட்டது போல இருக்கிறது.
(பெயர் வேண்டாம், கொழும்பு)

பதில்: வீட்டிலேயே இருங்கள், தங்கச்சி. நுவரெலியா எங்கேயும் போய்விடாது.

மூன்று நாள் அறை எடுத்துத் தங்கினால் அந்த மூன்று நாளும் நீங்கள் காசு கொடுப்பவராகவும் பிள்ளைகள் கேட்பவர்களாகவும்தான் இருப்பீர்கள். குதிரைச் சவாரி, ஐஸ்கிரீம், ஏரியில் படகு, ஒரு பெட்டி ஸ்ட்ரோபரி. எல்லாம் முடிந்து திரும்பும்போது பர்ஸ் காலி, பேசிய பேச்சு கொஞ்சம். அத்தையைக் கூட்டிப் போவீர்களா, விட்டுவிட்டுப் போவீர்களா என்று இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெளியே போகத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு பகல், பக்கத்திலேயே போய் வாருங்கள். ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களா இருக்கிறது. 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய கல்வீடு, இப்போது துறவிகள் மடம். அவர்களே பழத்தோட்டம் வைத்து, ஜாமும் பழச்சாறும் செய்து அங்கேயே விற்கிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு போத்தல் கொய்யா ஜெலி வாங்கி வந்து, உங்கள் வீட்டில் செய்வதற்குப் பக்கத்தில் வைத்து ருசி பாருங்கள். அந்தக் கொய்யா ஜெலி ஏன் அப்படி இறுகி நிற்கிறது என்பதில்தான் உங்கள் ஜாமின் கதை இருக்கிறது.

முதலில் அந்த ஜாமைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்தக் கூச்சம் தீராமல் நீங்கள் அடுப்படிக்குள் நிமிர்ந்து நிற்கப் போவதில்லை.

நீங்கள் எடுத்தது கீழே விழுந்த பழம். ஜாமை இறுக வைப்பது பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற சத்து. காய் பழுக்கப் பழுக்க அது உடைந்துகொண்டே போகும். கனிந்து விழுந்து ஒரு நாள் கிடந்த பழத்தில் இறுக வைக்கும் அளவுக்கு அது மிஞ்சியிருக்காது. அதோடு புளிப்பும் வேண்டும். நம் பேரிக்காயில் புளிப்பு குறைவு. இரண்டும் இல்லாமல் எவ்வளவு சீனி கொட்டினாலும் பாகுதான் வரும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றுமில்லை, எடுத்த பழம்தான் தப்பு. அரைப்பழமான கொய்யாவில் பெக்டின் நிறைய உண்டு. அந்த மரமும் உங்கள் வீட்டிலேயே நிற்கிறது, பாருங்கள்!

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். மரத்திலிருந்தே பறித்த, கெட்டியான பேரிக்காய், தோலும் நடுவும் நீக்கி ஒரு கிலோ. அதற்கு மேல் ஒரே சட்டியில் போடாதீர்கள். அரைப்பழமான கொய்யா மூன்று நான்கை நறுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு அவித்து, மசித்து வடித்து அந்தச் சாற்றையும் சேருங்கள். பேரிக்காய் மெத்தென்று வேகும் வரை சீனி போடக் கூடாது. அவசரப்பட்டுச் சீனியைப் போட்டால் துண்டுகள் விறைத்துப்போய் அதற்கப்புறம் வேகவே வேகாது. வெந்த பிறகு முக்கால் கிலோ சீனி, இரண்டு தேசிக்காய்ச் சாறு, சின்னத் துண்டு கறுவா. சீனி கரைந்ததும் மூடாமல் நல்ல தீயில் கொதிக்கவிட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள்.

நிமிடக் கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு பீங்கான் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து எடுத்துத் துடைத்து, அதில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்.

வீடியோக்காரர் சொல்லும் நேரம் மலைக்குச் சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் குறைவு, 94 அளவில். கொதிக்கிறதே தவிர, கொழும்புக் கொதியின் சூடு அதில் இல்லை. அதனால்தான் பருப்பும் கடலையும் ஊருக்குப் போனால் வேக நேரமெடுக்கின்றன. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்கள் அத்தைக்குக் கை பழகியிருக்கும்.

இனி அத்தைக்கு வருவோம். "சீனிதான் நட்டம்" என்ற சொல் உங்களைச் சுட்டது எனக்குப் புரிகிறது. அவர் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் மலையில் நின்று ஒரு தலைமுறையை வளர்த்தவர், ஓய்ந்து உட்காரும் வயதில் இரண்டாவது தலைமுறையையும் வளர்க்கிறார். அந்த வீட்டில் ஒரு கிலோ சீனி என்பது கணக்குப் பார்த்து வாங்கும் சாமான். ஆகவே நுவரெலியாவுக்கென்று வைத்த காசில் கொஞ்சம் எடுத்துச் சீனி, வினாகிரி, கடுகு, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தல் எல்லாம் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். போன மறுநாளே, "அத்தை, பேரிக்காய் அச்சாறு உங்கள் கைப்படி எப்படிப் போடுவது?" என்று கேளுங்கள். ஒப்புக்குக் கேட்காதீர்கள். அவர் சொல்வதுபோல் செய்யுங்கள். மகளும் மகனும் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். அவர்கள் முன்னால் நீங்கள் அவரிடம் கற்றுக்கொள்பவராக உட்கார்ந்தால், அடுப்படி யாருடையது என்ற பேச்சே எழாது.

அச்சாறு போடும் விதம் வீட்டுக்கு வீடு மாறும். எனக்குத் தெரிந்தது இது: கெட்டிக் காயைக் கீற்றுகளாக அரிந்து, உப்புப் பிசிறி ஒரு மணி நேரம் வைத்து, ஊறும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கடுகையும் பூண்டையும் இஞ்சியையும் வினாகிரி விட்டு அரைத்து, மிச்ச வினாகிரியில் சீனியும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் இந்த விழுதைக் கரைத்து ஆறவிட வேண்டும். அப்புறம் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், இடித்த மிளகு, பேரிக்காய்க் கீற்று எல்லாம் போட்டுப் பிரட்டி, கீற்றுகள் மூழ்கும்படி போத்தலில் அடைக்க வேண்டும். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், வினாகிரி அதை அரிக்கும். மண்சட்டி நல்லது. ஒரு வாரமாவது ஊறினால்தான் ருசி ஏறும். அந்த ஒரு வாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

மகனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊவாப் பக்கம் ஆகஸ்ட் காய்ந்த காலம், காற்றுத்தான் பலமாக அடிக்கும். அட்டன், மஸ்கெலியாவில் அதே நாட்களில் மழை விடாது. வெளியில் நிற்க உங்களுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது. பேரிக்காய் பறிக்கும் வேலையை அவனிடமே விடுங்கள். காயை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல மேலே தூக்கிப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லுங்கள். முற்றிய காய் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் 'டக்'கென்று தானாகக் கழன்று கைக்கு வரும். வராவிட்டால் அது இன்னும் தயாரில்லை, விட்டுவிட வேண்டும். இழுக்கக் கூடாது, உலுக்கவும் கூடாது. எட்டு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஒவ்வொரு காயாக, "அம்மா, இது வருது... இது வரல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். உங்களுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தானே.

வெட்டும்போது அவனுக்குக் கத்தி வேண்டாம், ஒரு தேக்கரண்டி கொடுங்கள். இரண்டாகப் பிளந்த காயின் நடுவில், விதையைச் சுற்றி மணல்போல நறநறவென்று ஒரு பகுதி இருக்கும். அதை வட்டமாகத் தோண்டி எடுப்பது அவன் வேலை. தோல் சீவுவது மகளுக்கு. வெட்டிய துண்டுகள் உப்புத் தண்ணீரில் கிடந்தால் கறுக்காது.

எல்லாவற்றையும் போத்தலில் அடைத்துவிடாதீர்கள். ஒரு நாள் பகலுக்குப் பேரிக்காயைப் பால்கறி வையுங்கள். இரண்டாம் பாலில் மஞ்சள், றம்பை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் போட்டு வேகவைத்து, இறக்கும்போது முதல் பால். காரமாக ஒரு தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் சேர்ந்தால் போதும். அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றியதைப் பறித்து அரிசிக்குள் புதைத்து வைத்தால் சில நாளில் மெத்தென்று வரும். கித்துள் பாணி விட்டு மசித்துக் கொடுங்கள்.

செய்ததில் ஒரு பங்கை லயத்தில் எல்லாக் காம்பரா வீடுகளுக்கும் மகன் கையில் கொடுத்தனுப்புங்கள். யார் செய்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். "அம்மா செஞ்சது" என்று ஒவ்வொரு வாசலிலும் அவன்தான் சொல்ல வேண்டியிருக்கும். பசித்தால் அவன் அப்பாயியைக் கூப்பிடட்டும். மூன்று வருடமாகப் பசிக்கும்போது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அதைத் திருத்தப் போகாதீர்கள், தங்கச்சி. அவன் முன்னால் முகம் வாடவும் வேண்டாம்.

மகள் விஷயம் கொஞ்சம் வேறு. போனைப் பிடுங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பிடுங்காதீர்கள். மூன்று வருடமாக அவள் உங்களைப் பார்த்தது அந்தப் போனுக்குள்தான். பத்து வயதில், மாலை வேளையில், அம்மா என்றால் கையகலத் திரையில் தெரிகிற முகம் என்று பழகிக்கொண்டவள். திடீரென்று நீங்கள் எதிரில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று உங்களைப் போலவே அவளுக்கும் தெரியாது. அதனால் எதிரில் உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இஸ்தோப்பில் ஒரு பாய், நடுவில் ஒரு தாச்சி நிறையப் பேரிக்காய், கையில் ஆளுக்கொரு கத்தி. கண்ணைப் பார்க்காமல், கை வேலையில் இருக்கும்போது அந்த வயதுப் பிள்ளைகள் சொல்வதை வேறெப்போதும் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் ஒன்றும் பேசாமல் போகலாம். போகட்டும். "பாடம் எப்படி, எத்தனையாம் பிள்ளை" என்று ஆரம்பிக்காதீர்கள். தொழிற்சாலையில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள், நீங்கள் தங்கும் அறை, மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் நாளை நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் கொழும்பு தெரியாது. தோலைத் தடிப்பாகச் சீவுகிறாள் என்று குறை சொல்லவும் வேண்டாம், மூன்று மரத்துக் காயில் அது ஒரு நட்டமா?

அவள் வயதுக்கு உடம்பும் மனதும் மாறும் நேரம் இது. பெரியவளானது பற்றியோ வேறு எதைப் பற்றியோ அவளே வாயெடுத்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். அந்த நேரம் ஜாம் அடிபிடித்தால் பிடிக்கட்டும்.

அந்த ஒரு வாரம் என்றேனே, அத்தையிடம் முறையை முதலிலேயே கேட்டுக்கொண்டாலும் அச்சாறை வந்த உடனே போட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், எல்லோருமாகச் சேர்ந்து போடுங்கள். நீங்கள் கொழும்புக்குப் போன பிறகுதான் அது ஊறித் தயாராக வேண்டும். போத்தலைத் திறக்கும் பொறுப்பு மகளுக்கு. இவ்வளவு நாளும் போனில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதற்கு மேல் பேச உங்களுக்கு ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இனி கேட்க நிறைய இருக்கும். திறந்தாயா, காரம் எப்படி, அப்பாயி என்ன சொன்னார், தம்பி எத்தனை துண்டு தின்றான், பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்தாயா. அவளும் தானாகவே உங்களுக்கு அழைப்பெடுக்க ஒரு காரணம் இருக்கும்.

கணவருக்கும் இரண்டு நாளாவது லீவு கேட்கச் சொல்லுங்கள். அந்த அச்சாறு போடும் நாளுக்கு அவர் வந்துவிட்டால், தேங்காய் துருவ ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

போத்தல்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். கழுவி, கொதிதண்ணீரில் பதினைந்து நிமிடம் அவித்து, ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் வெயிலில் காயவைத்த பிறகே அடைக்க வேண்டும். எடுப்பதும் எப்போதும் காய்ந்த கரண்டியால். இதை மகனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வாருங்கள், அவன்தான் விரலை விடுவான்.