புவெனஸ் ஐரிஸ்: முதலில் தெருமுனை, பிறகு பேருந்து

அர்ஜென்டினாவின் தலைநகருக்குச் செல்லவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன். பெரும்பாலானவர்கள் சுரங்க ரயிலைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். என் விடைகளிலோ தெரு எண்ணுக்கும் பேருந்துக்கும் கூடுதல் இடம் போயிருக்கிறது. அந்த நகரத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் ஊர் எனக்குப் பிடிபட்டது அவை இரண்டாலும்தான்.

கேள்வி: யாரிடம் வழி கேட்டாலும், டாக்சியில் ஏறினாலும், இரண்டு தெருக்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறார்களே, ஏன்? முகவரி மட்டும் போதாதா?

புவெனஸ் ஐரிஸின் பெரும்பகுதி சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரம். இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தை அங்கே ‘குவாத்ரா’ என்பார்கள். அது ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம் இருக்கும். ஒவ்வொரு குவாத்ராவுக்கும் கதவு எண் நூறு கூடும் என்பதால், எண்ணைப் பார்த்தாலே எத்தனை கட்டம் நடக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் எண் ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. வடக்கு தெற்காக ஓடும் தெருக்களில் ரிவதாவியா அவெனிதாவிலிருந்து (அவெனிதா என்றால் பெருந்தெரு) இரு புறமும் தொடங்குகிறது. கஷாவோ அவெனிதாவில் 400ஆம் எண் என்றால் ரிவதாவியாவுக்கு வடக்கே நான்கு கட்டம் தள்ளி இருக்கிறது என்று பொருள். கொரியென்தெஸ் அவெனிதா அதைக் குறுக்கிடுவதும் அங்கேதான். ஆகவே ‘கொரியென்தெஸ், கஷாவோ’ என்று இரண்டு பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் மனத்தில் ஒரு புள்ளி விழுந்துவிடுகிறது. நீண்ட அவெனிதா ஒன்றின் பெயரையும் நான்கிலக்க எண்ணையும் மட்டும் சொன்னால், அவர் நின்று கணக்குப் போட வேண்டியிருக்கும்.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் செய்தி ஒன்று இதில் உண்டு. ரிவதாவியாவைக் கடக்கும்போது தெருக்களின் பெயர் மாறிவிடும். கடைத்தெருவாகப் புகழ்பெற்ற ஃப்ளோரிதா, ரிவதாவியாவின் தெற்கே பெரு என்ற பெயரைப் பெறுகிறது. ரெகொன்கிஸ்தா தெஃபென்ஸா ஆகிறது. கஷாவோ என்த்ரே ரியோஸ் ஆகிறது. நேராகத்தான் நடந்துகொண்டிருப்பீர்கள், பலகையில் வேறு பெயர் இருக்கும்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பானிய மொழிப் பாடங்களில் ‘ய’ என்று கற்பிக்கப்படும் ஒலி இந்த ஊரில் ‘ஷ’ ஆகிறது. தெருவைக் குறிக்கும் சொல் ‘காயே’ அன்று, ‘காஷே’. முதல் வாரத்தில் பேருந்தில் நான் ‘கயாவோ’ என்று மும்முறை சொல்லியும் ஓட்டுநர் புருவத்தை உயர்த்தினாரே தவிர கட்டண விசையை அழுத்தவில்லை; பின்னால் நின்ற பாட்டி ‘கஷாவோ’ என்று திருத்தியபின்தான் எனக்குப் பயணச்சீட்டு கிடைத்தது.

கேள்வி: சுபே அட்டை இல்லாமல் சமாளிக்க முடியுமா? நாங்கள் நால்வர், நான்கு அட்டை வேண்டுமா?

சுபே என்பது 2009இல் அறிமுகமான மின்னணுப் பயண அட்டை. பேருந்து, சுரங்க ரயில், புறநகர் ரயில் மூன்றுக்கும் செல்லும். பேருந்தில் ஓட்டுநர் ரொக்கம் வாங்குவதில்லை. சுரங்க ரயிலின் நுழைவாயில்களில் வங்கி அட்டையை ஒற்றியும் உள்ளே போகலாம் என்றாலும், பேருந்தையும் பயன்படுத்த எண்ணுபவர் சுபே வாங்கிக்கொள்வதே நல்லது. தெருவோரக் கியோஸ்குகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் அது கிடைக்கும்; பணம் ஏற்றுவதும் அங்கேயே.

நால்வருக்கும் ஓர் அட்டை போதும். பேருந்தில் எத்தனை பேர் என்று ஓட்டுநரிடம் சொல்லி அத்தனை முறை ஒற்றலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறி ஏறினால் கிடைக்கும் கட்டணச் சலுகை ஓர் அட்டைக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் சீராக வேலை செய்யும். நாள் முழுதும் சுற்றும் எண்ணம் இருந்தால் ஆளுக்கொன்று வாங்குங்கள். பெயர் பதிவு செய்யாத அட்டைக்கு 2024 முதல் கூடுதல் கட்டணம் பிடிக்கப்படுகிறது என்பதால், உங்களுக்கு அருகே நிற்பவரைக் காட்டிலும் உங்களிடம் அதிகமாகக் கழிக்கப்பட்டால் இயந்திரக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். கட்டணத் தொகையை நான் இங்கே எழுதவில்லை. அந்த நாட்டின் விலைவாசியில் அது சில மாதங்களில் பழசாகிவிடும்.

சுபே வருவதற்கு முன்பு பேருந்தில் நாணயம் மட்டுமே செல்லுபடியானது. நகரத்தில் சில்லறைத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. ஒரு காப்பிக்குத் தாளை நீட்டினால் கடைக்காரர் முகம் வாடிவிடும். அந்த நாட்களை அறிந்தவர்கள் சுபேயைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பேருந்து எண்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றனவே. வெளியூர்க்காரர் ஏறத் துணியலாமா?

துணிய வேண்டும் என்பதே என் கருத்து. ‘கொலெக்திவோ’ எனப்படும் இந்தப் பேருந்துகள் 1928இல் பலர் சேர்ந்து பயணம் செய்யும் டாக்சிகளாகத் தொடங்கியவை. இன்று சுரங்க ரயில் தொடாத மூலைகளையெல்லாம் இவையே இணைக்கின்றன, இரவு முழுதும் ஓடுகின்றன.

ஏறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறுத்தத்தில் எண்ணோடு ஒரு கம்பமோ பலகையோ இருக்கும். மக்கள் அதற்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நிற்பார்கள், நீங்களும் வால் பகுதியில் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் எண் தெரிந்ததும் கையை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடக்கூடும். முன்வாசலில் ஏறி, இறங்க வேண்டிய தெருமுனையை ஓட்டுநரிடம் சொன்னால், தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தை அவர் தம் பக்கத்து விசையில் பதிவார். அதன் பிறகே அட்டையை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகவே அட்டையை நீட்டுவது வெளியூர்க்காரர்களின் வழக்கமான பிழை. ஒற்றிய கையோடு கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் உட்காரும் வரை அந்த ஊர் ஓட்டுநர்கள் காத்திருப்பதில்லை. இறங்கும்போது பின்வாசல் அருகே கம்பியில் இருக்கும் பொத்தானை ஒரு நிறுத்தம் முன்னதாகவே அழுத்த வேண்டும்.

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒரே எண்ணுக்குக் கிளைத்தடங்கள் இருப்பதுண்டு. முன்கண்ணாடியில் செருகியிருக்கும் சிறு பலகையே வண்டி எந்த வழியே போகிறது என்பதைச் சொல்லும். மேலும், பெரும்பாலான தெருக்கள் ஒருவழிப் பாதைகள். கொரியென்தெஸில் வண்டிகள் ஆற்றை நோக்கியே ஓடுகின்றன. கொர்தொபா அவெனிதாவில் எதிர்த்திசையில். ஆகவே காலையில் இறங்கிய நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம் போய் நின்றால் மாலை வரை நிற்க வேண்டியதுதான்; திரும்பும் வண்டி பக்கத்து இணைத்தெரு ஒன்றில் வரும். போகும்போதே ஓட்டுநரிடம் திரும்பும் தெருவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நகர அரசின் ‘கோமோ ஷேகோ’ செயலியில் பாருங்கள்.

கேள்வி: சுரங்க ரயிலில் ஒரே நிலையத்துக்கு மூன்று பெயர் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், ஓரளவுக்கு. ‘சுப்தே’ என்று அழைக்கப்படும் இந்தச் சுரங்க ரயிலின் ஏ தடம் 1913 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. லத்தீன் அமெரிக்காவில் அதுவே முதலாவது. பின்னர் வந்த ஒவ்வொரு தடமும் தன் நிலையத்துக்குத் தனிப்பெயர் சூட்டிக்கொண்டது. நகர நடுவில் பி தடத்தின் கார்லோஸ் பெல்லெக்ரீனி, சி தடத்தின் தியகொனால் நோர்த்தே, டி தடத்தின் நுவேவே தே ஹூலியோ மூன்றும் நிலத்தடி நடைபாதைகளால் இணைந்தவை. அதேபோல பிளாசா தே மாயோ சதுக்கத்துக்கு அருகில் ஏ தடத்தின் பெரு, டி தடத்தின் கதெத்ரால், இ தடத்தின் பொலிவார் மூன்றும் இணைந்தவை. பெயரை நம்பாமல் தடத்தின் எழுத்தையும் நிறத்தையும் பின்பற்றினால் குழப்பம் இல்லை.

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டில் வண்டிகள் 1945 முதல் வலப்பக்கம் ஓடுகின்றன. சுப்தேயோ பழைய வழக்கப்படி இன்னும் இடப்பக்கமே ஓடுகிறது. அதனால் உள்ளூர்வாசிகளே சில நேரம் தவறான நடைமேடையில் நிற்பார்கள். ஏ தடத்தின் பல நிலையங்களில் ஒரு படிக்கட்டு ஒரு திசைக்குத்தான் உதவும். கீழே இறங்கும் முன் வாசலில் எழுதியிருக்கும் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிடுங்கள். அல்பெர்த்தி, பாஸ்கோ என்ற இரண்டு நிலையங்களில் ரயில் ஒரு திசையில் மட்டுமே நிற்கிறது.

ஏ, பி, டி, இ தடங்கள் நகர நடுவிலிருந்து விரல்களைப் போல விரிகின்றன. சி, எச் தடங்களே அவற்றைக் குறுக்கே இணைக்கின்றன. விரலின் நுனியிலிருந்து இன்னொரு விரலின் நுனிக்குப் போவதற்கு உள்ளங்கைக்கு வந்து திரும்புவது வீண் சுற்று. அங்கே பேருந்துதான் வழி. சுப்தே இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமதமாகத் தொடங்கும்.

கேள்வி: எஸேய்ஸா விமான நிலையத்திலிருந்து நகருக்கு வருவது எப்படி?

எஸேய்ஸா நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. அங்கே ரயில் இல்லை. சாமான்களோடு நீண்ட பயணம் முடித்து வருபவர், வருகைக் கூடத்துக்குள்ளேயே இருக்கும் முகப்புகளில் கட்டணத்தைப் பேசி முடித்து வண்டி எடுப்பதே சரி. கூடத்தில் தாமாக அருகில் வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை அப்படி ஒருவரோடு நான் போய், சொன்ன தொகையைப் போல ஏறக்குறைய இருமடங்கு கொடுத்தேன்; விடியற்காலை நான்கு மணிக்கு வாதாட மனம் வரவில்லை. எட்டாம் எண் பேருந்து மிக மலிவு என்றாலும், பிளாசா தே மாயோ பக்கம் வந்துசேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். உள்நாட்டு விமானங்கள் பல இறங்கும் ஆயெரோபார்க்கே நகருக்குள்ளேயே, ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரு விமானத்தில் இறங்கி மற்றொன்றைப் பிடிக்க வேண்டியவர் எந்த நிலையம் என்பதைப் பயணச்சீட்டில் இருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் தாயாரை அழைத்துச் செல்கிறேன். எது வசதி?

சுப்தேயின் பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, நகரும் படிக்கட்டு ஒரு பக்கம் மட்டுமே இருக்கலாம். தாழ்தளப் பேருந்துகள் மேல். முதியவர் ஏறினால் இடம் தருவதில் அந்த ஊரார் தயங்குவதில்லை. நெரிசல் நேரத்தில் கருப்பும் மஞ்சளுமான டாக்சியே நிம்மதி. முன்கண்ணாடியில் ‘லிப்ரே’ என்ற சிவப்பு எழுத்து எரிந்தால் வண்டி காலி. மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை கட்டணம் இருபது விழுக்காடு கூடுதல்.

கேள்வி: லா போகா பகுதிக்குப் போகலாமா? பயமுறுத்துகிறார்கள்.

போகலாம், பகலில். சுப்தே அங்கே இல்லை. 29, 64, 152 ஆகிய பேருந்துகள் போகும். வண்ணத் தகர வீடுகளுள்ள கமினீத்தோவையும் அதைச் சுற்றிய சில தெருக்களையும் பார்த்துவிட்டு, அதே பேருந்தில் திரும்புங்கள்; அங்குள்ள கால்பந்து மைதானத்தில் ஆட்டம் உள்ள நாளில் தடங்கள் மாற்றப்படும் என்பதால் அன்று தவிர்க்கலாம். நகரம் முழுமைக்கும் இரண்டு எச்சரிக்கைகள் பொருந்தும். பேருந்தின் சன்னலோரத்திலும் வாசலருகிலும் கைப்பேசியை நீட்டிப் பிடிக்காதீர்கள். உங்கள் சட்டையில் கடுகுச் சாறு போல ஏதாவது தெறித்து, அன்போடு ஒருவர் துடைக்க வந்தால், நன்றி சொல்லாமல் நடையைக் கட்டுங்கள்; துடைக்கும் கை ஒன்று, பையைத் திறக்கும் கை வேறொன்று.

கேள்வி: ஒரு நாள் நகரத்துக்கு வெளியே போக வேண்டும். தீக்ரேயா, உருகுவேயின் கொலோனியாவா?

கொலோனியாவுக்குப் படகில் ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அது வேறு நாடு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், உருகுவேயின் விசா விதியையும், தம் அர்ஜென்டினா விசா பலமுறை நுழைவுக்கு உரியதா என்பதையும் பார்த்த பிறகே சீட்டு வாங்க வேண்டும். அந்தத் தொல்லை இல்லாதது தீக்ரே. நகரின் ரெத்தீரோ பகுதியில் அடுத்தடுத்து மூன்று ரயில் முனையங்கள் உள்ளன. மீத்ரே தடத்துக்குரியதில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தீக்ரே வந்துவிடும், சுபே அட்டையே போதும். அங்கே பரானா ஆற்றின் கழிமுகத் தீவுகளுக்கு நீண்ட மரப்படகுகள் பேருந்து போலவே ஓடுகின்றன. தம் வீட்டுப் படித்துறையில் நிற்பவர் கையை நீட்டினால் படகு ஒதுங்கி அவரை ஏற்றிக்கொள்ளும். பால் புட்டியோடும் பள்ளிப் பையோடும் ஏறுபவர்களைப் பார்க்கலாம். எந்தத் துறையில் இறங்கினாலும், கடைசிப் படகு அங்கே எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று படகுக்காரரிடம் கேட்டுவிட்டே காலை வெளியே வையுங்கள்.