வெட்ட முன் அளந்து வையுங்கள்: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய 88 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) லாண்ட் ரோவர், சீரீஸ் 2ஏ, பல வருடமாக வீட்டு கராஜில் நிற்கிறது. சேசியின் (அடிச் சட்டத்தின்) பின் கிராஸ் மெம்பர், அதாவது குறுக்குச் சட்டம், கையால் உடைகிற அளவுக்குக் கறள் பிடித்துவிட்டது. முன்பக்கம் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் சரியில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பாஸ் பாடியை முழுக்கக் கழற்றச் சொல்கிறார். நானும் தம்பியும் வெல்டிங் ஓரளவு பழகியிருக்கிறோம். வீட்டிலேயே செய்யலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் பாடியை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். பாடி போல்ட்டில் இறுகி நிற்கும் வரைக்கும் சேசி அதிகம் நெளியாது, கதவு இடைவெளியைப் பார்த்தே சேசி நேராக இருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் கழற்றிப் பிரித்து, சாமான்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்து, அத்தோடு வேலை நின்றுபோன வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கறள் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டியின் பாடி பெரும்பாலும் அலுமினியம், அதனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேசியோ இரும்பு, அதுவும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தகடுகளைப் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்தது. சேறும் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கி உள்ளிருந்தே தின்னும். மேலே பூசியிருக்கும் தாரைச் சுரண்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும், கெட்ட இடம் சத்தமே எழும்பாமல் அமுங்கும். பின் அச்சுக்கு மேல் வளைகிற இடம், ஸ்பிரிங் தாங்கிகள், எஞ்சினுக்கும் ஆசனப் பகுதிக்கும் இடையிலுள்ள முன் சுவரைத் தாங்கும் பக்கக் கைகள், இவற்றை இரண்டு தரம் தட்டுங்கள். நீளச் சட்டங்களே பாதிக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை, முழுச் சேசி தேடுவதுதான் சரி.

அடுத்தது சேசி இலக்கம். இந்த வண்டிகளில் அது வலது பக்க முன் ஸ்பிரிங் தாங்கியில் அடித்திருக்கும். நீங்கள் சரியில்லை என்று சொல்லும் இடம் அதுவாக இருந்தால், கிரைண்டரைத் தொட முன் படம் எடுத்துவையுங்கள். பதிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து வெட்டுங்கள். இலக்கமுள்ள துண்டைப் பழைய இரும்போடு எறிந்துவிட்டால் பிறகு பெயர் மாற்றும்போது நீங்கள்தான் அலைய வேண்டும்.

இனி அளப்பது. மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு ஒன்று போதும். வண்டியை ஜக்கில் விடாமல் நல்ல ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங் தாங்கியின் போல்ட் துளையிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைச் சிமெந்துத் தரையில் அடையாளம் போடுங்கள். பிறகு அந்தப் புள்ளிகளைக் குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் பரவாயில்லை, பத்து என்றால் சேசி ஏற்கெனவே கோணல். தெரிந்த ஒருவரின் வண்டியில் இதைச் செய்யாமல் தாங்கியை ஒட்டிவிட்டார்கள், பின் அச்சு ஒரு பக்கம் பின்னுக்குப் போய், காலி வீதியில் நேரே போக ஸ்டியரிங்கை எந்நேரமும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் திரும்ப வெட்டித்தான் சரிப்படுத்தினோம்.

ஒட்டும்போது பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது, அதை முழுதாகக் கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள். வெறும் தாங்கி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட மோசமாக வெடிக்கும். பின்விளக்கு வயர்கள் சேசிச் சட்டத்துக்கு உள்ளேயே ஓடுகின்றன, பலர் அவற்றைக் கருக்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஒரே இழுவையில் நீளமாக ஒட்டாமல் ஓரங்குலம் இந்தப் பக்கம், ஓரங்குலம் அந்தப் பக்கம் என்று ஆறவிட்டு ஒட்டினால் சட்டம் இழுக்காது.

பிளேட்டுகளை அடுக்கிய ஸ்பிரிங்குக்கு வருவோம். இந்த வண்டியில் இடது வலது ஸ்பிரிங்குகள் ஒன்றல்ல, ஓட்டுநர் பக்கத்துக்கு வளைவு கூட. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். தளர்ந்த பிளேட்டைச் சூடாக்கி வளைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், சூட்டோடு அதன் பதம் போய்விடும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். இன்னொன்று, தயவுசெய்து இதை மறக்க வேண்டாம்: ஸ்பிரிங் நுனியைச் சேசியோடு பிடிக்கும், ரப்பர் புஷ் உள்ள ஷக்கிள் போல்ட்டுகளை வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கக் கூடாது. நான்கு சில்லிலும் இறக்கி, பாரம் ஏறி, ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. முன்பே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நிற்கும், கொஞ்ச நாளிலேயே கிழிந்துவிடும்.

கேள்வி: என் மொரிஸ் மைனருக்கும் சேசி மாற்ற முடியுமா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: சகோதரி, இதுவும் லாண்ட் ரோவரைப் போல 1948இல் வந்த வண்டிதான், ஆனால் இதற்குத் தனிச் சேசி கிடையாது. தரையும் கதவடிப் பெட்டிகளும் பாடியும் சேர்ந்துதான் சட்டம். அதனால் கதவடியை வெட்ட முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நடு இறங்கிக் கதவு மூடாது. முன் சஸ்பென்ஷன் டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு. கழற்றும்போது இடது வலது என்று நூல் கட்டி அடையாளம் போடுங்கள். ஒரு பக்கம் முறுகி உழைத்த பாரை மறுபக்கம் மாற்றிப் போட்டால் முறிந்துபோகக் கூடும். பாரத்தை இறக்காமல் அதைக் கழற்றத் தொடங்கவும் வேண்டாம், அது கையை முறிக்கிற வேலை.

கேள்வி: ஒட்டிய இடத்துக்கு என்ன பூசுவது? கடல் பக்கம் வீடு. (வாசகர், தெஹிவளை)

பதில்: அன்றே பூசுங்கள். உங்கள் பக்கத்துக் காற்றில் மாலையில் தேய்த்த இரும்பு காலையில் பழுப்பாகிவிடும். ஒட்டு ஆறியதும் துத்தநாகப் பிரைமர், அதற்கு மேல் சேசி பெயின்ட், சேசிப் பெட்டிக்கு உள்ளே மெழுகு. கீழே தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டுவதாக இருந்தால் ஓரத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும்.