நோட்டைப் பார்க்க நேரமில்லாத டீச்சர்கள்: கேட்டதும் சொன்னதும்

ஈரோடு மாவட்டத் தொடக்கப்பள்ளிகளில் 31 வருசம் இருந்தேன், கடைசி 12 வருசம் தலைமையாசிரியை. வேலைப் பளுவும் மன அழுத்தமும் பற்றி டீச்சர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்டதும், நான் சொன்ன பதிலும் இவை. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டேன்.

தாளவாடிப் பக்கம், ஒரு டீச்சர்: அக்கா, ஈராசிரியர் பள்ளி, 34 பிள்ளைகள். எச்.எம். கூட்டத்துக்குப் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் என் தலையில்தான். சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமே நடத்தாத மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் நடத்தத் தெரியவில்லையா?

அப்படியெல்லாம் இல்லைங்க கண்ணு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான்; அது தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. 34 என்றால் கேட்கிறவருக்குக் கம்மியாகத்தான் தெரியும், அதற்குள் அஞ்சு வகுப்பு, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வேறு.

நான் பார்த்தவரைக்கும், அலுத்துப்போன டீச்சர் முதலில் விடுவது பாடத்தை இல்லை, நோட்டை. பலகையில் எழுதிப் போட்டால் வகுப்பு நடக்கிற மாதிரியேதான் இருக்கும், ஆனால் ஒரு பையன் 'ழ' எழுதும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது. மன அழுத்தம் படிப்பைக் கெடுக்கிற இடம் அதுதான். அதனால் தனியாக இருக்கிற நாளில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கதை சொல்லுங்கள், பெரியவர்கள் எழுதட்டும், சின்னவர்கள் படம் போடட்டும். நீங்கள் அஞ்சே அஞ்சு நோட்டை எடுத்து ஒழுங்காகப் பாருங்கள். மீதி நாளைக்கு.

திருப்பூர்: என் வகுப்பில் பீகார், ஒடிசா பிள்ளைகள் நிறைய. பனியன் கம்பெனி சீசன் முடிந்தால் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். கற்றல் அடைவு குறைந்தால் என்னைக் கேட்கிறார்கள்.

சேர்ந்த தேதி, விட்டுப்போன தேதி, வந்தபோது என்ன தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கேட்கிறவர்களிடம் அதைக் காட்டலாம். மொழிக்கு, தமிழ் தேறிவிட்ட மூத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்தப் பிள்ளைக்கும் பெருமையாக இருக்கும்.

கோபிசெட்டிபாளையம், புதிதாக எச்.எம். ஆனவர்: என் டீச்சர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் பதிவை நிறுத்துகிற அதிகாரம் எனக்கு இல்லையே.

நிறுத்த முடியாதுங்க. ஆனால் யார், எப்போது செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு எச்.எம்., அதிகாரி ஏதாவது கேட்டால் உடனே எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அடுத்து வந்தவர், "அது என் பொறுப்புங்க சார்" என்று முன்னால் போய் நிற்பார். அதே பிள்ளைகள், அதே பைல், வேலை ஒரு சுண்டு குறையவில்லை, ஆனாலும் நாங்கள் நடத்திய பாடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. 1979இல் கராசெக் என்ற ஆய்வாளர் இதைத்தான் எழுதினார்: பளு கூடி, தன் வேலையில் தானே முடிவெடுக்கிற உரிமையும் குறைந்தால்தான் ஆளை அரிக்கும். 1988இல் ஜான்சன், ஹால் இரண்டு பேரும் கூட இருப்பவர்களின் ஆதரவையும் அதில் சேர்த்தார்கள். அதனால் காலை முதல் இரண்டு பீரியடில் எந்தப் பதிவும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். டீச்சரிடம் குறை இருந்தால் பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள், அதை மட்டுமாவது செய்யுங்கள்.

பவானி, ஒரு டீச்சரின் வீட்டுக்காரர்: ஞாயிறு சாயங்காலம் ஆனாலே அழுகிறார். இது நோயாங்க?

வேலையில் கருகிப்போவதை, அதாவது 'பர்ன் அவுட்' என்பதை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வருகிற நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம், ஞாயிறு ராத்திரி சமையலை நீங்கள் பாருங்க சார்.

காங்கயம்: மாறுதல் வாங்கினால் சரியாகிவிடுமா?

கலந்தாய்வுக்குப் போகும் முன்னால், அந்தப் பள்ளியில் டீச்சர்கள் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று விசாரியுங்கள். பஸ் வசதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.